தூண்டிலில் உழுவை மாட்டினால்?

திருவொற்றியூர் தூண்டில் வளைவுக் கற்களில் உட்கார்ந்து ஞாயிறுதோறும் தூண்டில் போடுவேன். ஆமைகள் செத்து ஒதுங்கிய செய்தி டி.வி.யில் வந்ததிலிருந்து, "உன்னையும் பிடித்துப் போவார்கள்" என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். தடை செய்யப்பட்ட மீன் மாட்டினால் என்ன செய்வது?

— ஒரு வாசகர், திருவொற்றியூர்

பயம் வேண்டாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் ஒதுங்கியபோது விரல் நீண்டது இழுவலைகளை நோக்கித்தான். ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலைக்குள் சிக்கினால் மூழ்கிச் சாகும். உங்கள் ஒற்றைக் கொக்கி அந்த வழக்கில் இல்லை.

ஆனால் பட்டியலைத் தெரிந்துகொள்ளுங்கள். திமிங்கலச் சுறா, வேளா, ராட்சத உழுவை, கடல்குதிரை எல்லாம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கரையில் உங்களுக்கு மாட்ட வாய்ப்புள்ளது உழுவைதான்: முன்பாதி திருக்கை, பின்பாதி சுறா. எந்த உழுவை என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம், மாட்டினால் விட்டுவிடுங்கள். கல்மேல் இழுக்காமல், தண்ணீரிலேயே வைத்து, கொக்கிக்கு அருகில் நரம்பை வெட்டுங்கள். கொக்கியின் எதிர்முள்ளை முன்கூட்டியே குறடால் அமுக்கி வைத்தால் கழற்றுவதும் சுலபம். அறுந்த நரம்பைக் கடலில் வீசாதீர்கள். அது ஆமையின் கழுத்தைச் சுற்றும்.

இன்னொன்று: செய்தியில் 'அரிய வகை மீன்' என்று வருவதெல்லாம் தடை செய்யப்பட்ட மீன் அல்ல. சந்தேகம் வந்தால் மீன்வளத் துறையைக் கேளுங்கள். செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுக் கேட்காதீர்கள்; பதிலுக்கு முன்னால் வனத்துறை வந்துவிடும்!