மூன்று இலக்க விடைகள்

நம் சங்கத்து அங்கத்தினர் பலர் இன்று பணம் செலுத்துவதையும் விண்ணப்பம் அனுப்புவதையும் இணையத்தின் வாயிலாகவே செய்கின்றனர். அவ்வேளையில் திரையில் 404 என்றோ 504 என்றோ ஓர் எண் தோன்றினால், அதன் பொருள் அறியாது கலங்குவோர் உளர். அவசரத்தில் ஒரே தொகையை இருமுறை செலுத்துவோரும் உளர். ஆதலின் இவ்வெண்களைப் பற்றி ஒரு சிறிது அறிந்துகொள்வோம்.

நமது கைப்பேசி அனுப்பும் கோரிக்கையை ஏற்று விடையளிக்கும் கணினிக்குச் சர்வர் என்று பெயர். ஒவ்வொரு விடையுடனும் அது மூன்று இலக்க எண் ஒன்றை அனுப்புகிறது. ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த எச்.டி.டி.பி. என்னும் விதிமுறையைச் சார்ந்தவை இவ்வெண்கள். 1996-இல் வெளியான அதன் 1.0 பதிப்பிலேயே இவற்றுள் பல இடம்பெற்றன.

முதல் இலக்கமே வகையைக் காட்டும். 2 எனில் கோரிக்கை ஏற்கப்பட்டது. 3 எனில் பெரும்பாலும் வேறு முகவரிக்குச் செல்ல வேண்டும். 4 எனில் கோரிக்கையில் குறை. 5 எனில் சர்வரிடத்தே குறை.

நூல் கிடங்கில் சீட்டு நீட்டுவதை உவமையாகக் கொள்வோம். 400 என்பது, சீட்டு எழுதிய முறை பிழை என்பதாம். 401 என்பது, அங்கத்தினர் புத்தகத்தைக் காட்டுக என்பதாம். 403 என்பது, இச்சரக்கைப் பெற உமக்கு அனுமதியில்லை என்பதாம். 404 என்பது, கேட்ட சரக்கு இங்குக் காணப்படவில்லை என்பதாம். முகவரியில் ஓர் எழுத்து பிழைத்தாலும் இவ்விடை வரும். 410 என்பது, முன்பு இருந்தது, இப்போது நீக்கப்பட்டது என்பதாம். 429 என்பது, அடுத்தடுத்துச் சீட்டு நீட்டாது சற்றுப் பொறுத்திருங்கள் என்பதாம்.

இனி, 500 என்பது கிடங்கினுள்ளே எதிர்பாராத கோளாறு. 503 என்பது, நெரிசலாலோ பராமரிப்புப் பணியாலோ தற்சமயம் இயலாமை. முன்னிற்கும் சர்வர் உள்ளிருக்கும் வேறொரு சர்வரைக் கேட்டு விடை கூறுவதும் உண்டு. உள்ளிருந்து முறையான விடை வாராவிடில் 502. உரிய நேரத்துக்குள் வாராவிடில் 504.

இவ்விடத்தில் நாம் மிகவும் விழிப்பாயிருத்தல் வேண்டும். 504 வந்தது கொண்டு பணம் சேரவில்லை என்று முடிவு செய்தல் கூடாது. உள்ளே வேலை நிறைவேறியிருக்க, விடை மட்டும் தாமதித்திருக்கலாம். அவ்வாறே 200 என்பதும் விடை ஒழுங்காய் வந்ததையே குறிக்கும். பணம் சேர்ந்ததற்கு ரசீதும் கணக்குப் பதிவுமே சான்று.

ஆகவே, 4-இல் தொடங்கும் எண் வந்தால் முகவரியையும், கடவுச்சொல்லையும், எழுதியவற்றையும் சரிபார்ப்போம். 5-இல் தொடங்கினால் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, வங்கிக் கணக்கைப் பார்த்த பின்னரே மறுமுறை முயல்வோம். கெடு நாள் நெருங்கியிருப்பின் அக்குறிப்புடன் உரிய அலுவலகத்துக்கு உடனே தெரிவிப்போம். கடைசி நாள் வரை காத்திராது முன்கூட்டியே அனுப்புவது அனைத்தினும் நன்று.