பழைய கேஸும் புது வேலையும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறியை விட்டுவிட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கும் போலீஸ் தேர்வுக்கும் போகிற பிள்ளைகள் கவனியுங்கள். கேஸைக்கூட மன்னிக்கலாம், மறைத்ததைப் பெரும்பாலும் மன்னிக்க மாட்டார்கள். வெரிஃபிகேஷன் வரும் முன்பே, இன்றைக்கே தயாராகுங்கள்.

செய்ய வேண்டியவை

• ஃபார்மில் கேட்டிருப்பதை நிதானமாகப் படியுங்கள். கைதானீர்களா, வழக்கு நிலுவையில் உள்ளதா, தண்டனை பெற்றீர்களா: மூன்றும் வெவ்வேறு கேள்விகள்.

• கேட்டதற்கு உண்மையை எழுதுங்கள். அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம், இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் நிர்வாகம் மன்னிக்கலாம் என்றது. பெரிய வழக்கை மறைத்தால் வேலை போகலாம். சொல்லிவிட்டாலும் முடிவு நிர்வாகத்தின் கையில்தான்.

• இ-கோர்ட்ஸ் தளத்தில் எஃப்.ஐ.ஆர். எண்ணைப் போட்டுப் பாருங்கள். முடிந்துவிட்டதென்று நீங்கள் நினைக்கிற கேஸ் இன்னும் நிலுவையில் இருக்கலாம்.

• விடுதலையான தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள். போலீஸ் வேலைக்கு ‘சந்தேகத்தின் பலனில்’ விடுதலை போதாது. தமிழ்நாடு காவல் பணி விதிகள் அதையும் வழக்கில் சம்பந்தப்பட்டதாகவே கொள்ளும், சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் 2008-ல் அதை ஏற்றது.

• 18 வயதுக்கு முன் நடந்ததா? வக்கீலிடம் 2015 சிறார் நீதிச் சட்டம் 24-ஆம் பிரிவைக் கேளுங்கள். 16 தாண்டி, பெரியவராக விசாரிக்கப்பட்டவர் தவிர மற்றவருக்கு அந்த வழக்கின் தீர்ப்பால் தகுதியிழப்பு கிடையாது.

செய்யக்கூடாதவை

• “ஃபைன் கட்டிட்டு வந்துடு” என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். கருடசேவைக் கூட்டத்துத் தள்ளுமுள்ளுதான் என்றாலும், குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம் தண்டனைதான். முதலில் வக்கீலைப் பாருங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம்.

• பிரவுசிங் சென்டர்காரரை ஃபார்மை நிரப்பச் சொல்லாதீர்கள். எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிடுவார், கையெழுத்து உங்களுடையது.

• ரெக்கார்டை அழித்துத் தருகிறேன் என்பவருக்குப் பணம் தராதீர்கள். எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் மனுப் போடுவதே வழி.

• பட்டுக்கடைக்கு ஆள் எடுப்பவரா? எஃப்.ஐ.ஆர். என்றதும் விரட்டாதீர்கள், அது புகாரின் பதிவு மட்டுமே. கல்லாவில் உட்காரப்போகிறவருக்குத் திருட்டு, மோசடி வழக்கில் தண்டனை உண்டா என்று பாருங்கள். தெருச் சண்டைக்காக ஒருவரின் பிழைப்பைக் கெடுக்காதீர்கள்.