கவனம் எங்கே இருக்க வேண்டும்?

பனிச்சறுக்கு பழகுபவர் சரிவைக் கண்டு அஞ்சி உடலைப் பின்னோக்கிச் சாய்ப்பார். அதனால் சறுக்குப் பலகையின் முன்பகுதியில் எடை குறையும், திரும்புவது கடினமாகும், அச்சம் மேலும் வளரும்.

இந்நிலையில் "காலைக் கவனி" என்பது பயன் தருமா? 1998இல் கேப்ரியேல் வுல்ஃப் குழுவினர் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் இதைச் சோதித்தனர். தம் பாதங்களில் கவனம் வைத்தவர்களைவிட, மேடையின் அடியிலுள்ள சக்கரங்களை அழுத்துவதில் கவனம் வைத்தவர்கள் நன்கு கற்றனர். உடலை இடைவிடாது கண்காணித்தால் இயல்பாக நிகழும் அசைவு தடைபடுகிறது என்பது வுல்ஃப் பின்னர் அளித்த விளக்கம்.

பந்தெறியத் தயங்கும் மாணவரிடம் "முழங்கையை நிமிர்த்து" என்பதற்குப் பதில் "அந்த வளையத்துக்குள் போடு" என்றே நான் சொல்கிறேன். அஞ்சும் குழந்தை ஏற்கெனவே தன்னையே கவனித்துக்கொண்டிருக்கிறது. நாமும் அதன் உடலையே சுட்ட வேண்டாம், இலக்கைக் காட்டுவோம்.