மாயாவி: பழைய இதழா, மறுபதிப்பா?

கேள்வி: முத்து காமிக்ஸ் மறுபதிப்புகளைச் சேர்ப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், தலவாக்கலை

பதில்: சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. இதன் மூலக்கதை 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடராக வந்தது. பெரிய பக்கத்துக்கு வரைந்ததைக் கையடக்கப் புத்தகத்தில் அடக்கும்போது கட்டங்களை வெட்டி, இடம் மாற்றி அடுக்குவதுண்டு. ஓவியரின் பக்க அமைப்பு அதில் சிதைந்துபோகும். ரிப் கெர்பி, மாண்ட்ரேக் போன்ற நாளிதழ்ப் படத்தொடர்களுக்கும் இதே கதிதான். ஆகவே மறுபதிப்பில் முதலில் பார்க்க வேண்டியது பக்க அளவு; பளபளப்பான தாள் அப்புறம். மூலத்தின் கட்ட வரிசையைக் காத்த பெரிய பதிப்பு, வாசிப்புக்குப் பழைய இதழைவிட மேலானது. பழைய இதழுக்குச் சொல்லப்படும் விலை பெரும்பாலும் அட்டைக்கும் அபூர்வத்துக்கும்தான். பதிப்பாண்டைப் பார்க்காமல் வாங்கினால், மறுபதிப்பையே முதற்பதிப்பு என்று தலையில் கட்டிவிடுவார்கள்.

வாங்கிய இதழ்களுக்கு மலையகத்தில் ஈரம்தான் பெரும் பகை. மே முதல் செப்டம்பர் வரையான மழையில் செய்தித்தாள் ரகத் தாள் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரத்தோடு பொலித்தீன் உறையில் மூடக்கூடாது. அலுமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளிவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இடலாம். வெயில் நாளில் நிழலிலேயே காற்றாட விரிக்க வேண்டும். நேர்வெயில் தாளை மஞ்சளாக்கும்.