மனம் சோர்ந்த வீட்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு

திருகோணமலை மாவட்டத்தில் உளசமூகப் பணிக்குப் புதிதாய் இறங்கும் பிள்ளைகளே, பயிற்சியில் படித்ததைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். குச்சவெளியிலிருந்து வெருகல் வரை இந்த வீடுகளுக்கு நெடுங்காலம் போய்வந்தவள் என்ற உரிமையில், அதோடு சேர்த்துக்கொள்ளச் சிலதைச் சொல்கிறேன்.

1. உடம்பு சொல்வதை முதலில் கேளுங்கள்.
"எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லி யாரும் உங்களுக்குக் கதிரை போடமாட்டார்கள். தலையிடி, நாரிநோ, நெஞ்சுப் படபடப்பு, நித்திரை இல்லை, ஒரே யோசனை என்றுதான் பேச்சுத் தொடங்கும். பொறுமையாகக் கேளுங்கள். முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் போய்விட்டதா, பசியும் நித்திரையும் மாறியிருக்கிறதா, தன்னையே குறை சொல்கிறாரா, அன்றாட வேலை கெடுகிறதா என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி இப்படியே போனால் டொக்டரைப் பார்க்க வேண்டும். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் இதே களைப்பைத் தரும். அதையும் அவரே பார்த்துச் சொல்லட்டும்.

2. துக்கத்தை நோய் ஆக்காதீர்கள்.
கன்னியா வெந்நீரூற்றில் 31ஆம் நாள் கடன் கழிக்கும் குடும்பமும், கிண்ணியாவில் கணவனை இழந்து நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கும் பெண்ணும் துக்கத்துக்கு உரிய காலத்தைக் கொடுக்கிறார்கள். அந்த அழுகை அழப்பட வேண்டியது. துக்கம் வந்து வந்து போகும். இடையில் இறந்தவரைப் பற்றிய ஒரு நல்ல கதையும் ஒரு சிரிப்பும் வரும். மாதங்கள் போயும் எழும்ப முடியாமல், "நான் ஒன்றுக்கும் உதவாதவள்" என்று அவர் சொல்லத் தொடங்கினால், டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

3. காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டில் "மறந்துவிடுங்கள்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.
உடலும் இல்லை, கடன் கழிக்க நாளும் இல்லை. முடிவு தெரியாத இழப்பைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் விரிவாக எழுதியிருக்கிறார். அவர் காட்டுவது இதுதான்: மகன் வருவான் என்று காத்திருப்பதும், வரமாட்டானோ என்று அஞ்சுவதும் ஒரே தாயின் மனதில் சேர்ந்தே இருக்கும். எதையாவது ஒன்றைத் தெரிவுசெய்யும்படி அவளை நெருக்காதீர்கள். மரணச் சான்றிதழ் எடுப்பதா வேண்டாமா என்பது அவளுடைய முடிவு. காத்திருந்தபடியே இன்றைய சோற்றைச் சாப்பிடவும், மற்றப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் துணையாக இருங்கள்.

4. இழப்புகளை ஒப்பிடாதீர்கள், கிளறாதீர்கள்.
2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியது. 2009 வரை போர். எங்கள் மாவட்டத்தில் மூன்று சமூகத்திலும் இழக்காத தெரு இல்லை. அதனாலேயே "அவளுக்கு இரண்டு பிள்ளை போனது, அவள் எழும்பி நடக்கவில்லையா?" என்ற சொல் எளிதாக வாயில் வரும். கேட்பவருக்கு அது தண்டனை. ஆழிப்பேரலைக்குப் பிறகு உதவ வந்த பலர், முன்பின் தெரியாதவரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். அப்படி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைப்பதால் நன்மை இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அவராகச் சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் பக்கத்தில் இருங்கள்.

5. சின்ன வேலை ஒன்றை அவரோடு சேர்ந்து தெரிவுசெய்யுங்கள்.
மனம் சரியானபின் எழும்பலாம் என்று காத்திருப்பவர் படுத்தே இருப்பார். எழும்பிச் செய்தபின்தான் மனம் மெல்ல இணங்கும். வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்க, வள்ளம் கரையில் கிடக்கும். கையில் காசு இருக்காது, கசிப்பு கிட்ட வரும். குடித்தால் நித்திரை வருவதுபோல் இருக்கும், ஆனால் சோர்வு கூடும். அப்படிப்பட்டவருக்கு, நாளை காலை கூட்டாளியோடு அரை மணி நேரம் வலை பொத்துவது போதும். அதைச் செய்தாரா என்று மறுமுறை கேளுங்கள்.

6. கடனைக் கடனாகப் பாருங்கள்.
கிழமைக்குக் கிழமை நுண்கடன் கட்டும் பெண்ணிடம் மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். பிரச்சினைகளை ஒவ்வொன்றாக எழுதி, கை வைக்கக்கூடிய ஒன்றை முதலில் எடுங்கள். சிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபண்டா 2006இல் தொடங்கிய பணியில், பாட்டிமார் சுகாதார நிலைய வாசலில் பலகை வாங்கில் இருந்து இதைத்தான் செய்தார்கள். அது சோர்வைக் குறைத்தது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. பட்டம் இல்லையே என்று நீங்கள் தயங்க வேண்டாம்.

7. குளிசையைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள்.
மனச்சோர்வுக்கு டொக்டர் தரும் குளிசையால் முதல் நாட்களில் குமட்டல் வரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லாததால் பத்தாம் நாளில் வீசிவிடுவோர் பலர். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், டொக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. கிளினிக்குக்குப் போனால் விசர் என்பார்கள் என்ற பயம் பெரியது. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகும். முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள்.

8. பிள்ளை பெற்ற தாயின் கண்ணீரைக் கவனியுங்கள்.
முதல் சில நாட்களின் அழுகை பெரும்பாலும் தானே அடங்கும். இரண்டு வாரம் தாண்டினால் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள்.

9. சாக நினைக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள்.
கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் வராது. ஒருவர் கேட்டாரே என்ற ஆறுதல்தான் வரும். "ஓம்" என்றால் தனியே விடாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் இரகசியமாக வைக்கமாட்டேன் என்று சொல்லி, வீட்டாரையும் ஆஸ்பத்திரியையும் சேருங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926 இரவும் பகலும் இயங்கும். தற்கொலை முயற்சி 1998 முதல் எங்கள் நாட்டில் குற்றம் அல்ல, பொலிசுக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். வயல் மருந்தையும் மிஞ்சிய குளிசைகளையும் வீட்டிலிருந்து அகற்றச் சொல்லுங்கள். 1995இல் இலங்கையில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். மிகக் கொடிய பூச்சிமருந்துகள் தடுக்கப்பட்ட பிறகு, பத்தாண்டில் அது பாதியானது. அந்த நேரத்தில் நஞ்சு கைக்கு எட்டாதிருந்தாலே பலர் பிழைக்கிறார்கள்.

10. திரும்பப் போங்கள்.
ஆழிப்பேரலைக்குப் பின் எங்களிடம் ஒருமுறை வந்து போனவர்கள் ஏராளம். மக்கள் நினைவில் நிற்பவர்கள் மறுபடி வந்தவர்கள். செவ்வாய் வருவேன் என்று சொன்னால் செவ்வாய் போங்கள். முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். கேட்டதை வெளியில் பேசாதீர்கள். ஆனால் தனியே சுமக்கவும் வேண்டாம், பெயரைச் சொல்லாமல் உங்கள் மேற்பார்வையாளரிடம் இறக்கி வையுங்கள். உங்களுக்கே நித்திரை கெட்டால் நீங்களும் கிளினிக்குக்குப் போக வேண்டியவர்தான். யாரும் தேடி வராத மனிதர் என்று தன்னை நினைப்பதே இந்த நோயின் மிகக் கொடிய பகுதி. சொன்ன நாளில் நீங்கள் படலையைத் திறந்தால், அந்த நினைப்பு தவறு என்று அவருக்குத் தெரியவரும்.