பத்திரத்தில் இருந்த தேதி



கல்லாவுக்குப் பின்னால் இருபது வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு அந்த இடமே தனக்குச் சொந்தமென்று தோன்றிவிடுகிறது. புதிதாய் ஏதேனும் செய்யவேண்டுமென்ற ஆசை நமக்கு இல்லாமலில்லை. இரவு கணக்கு முடிக்கும்போது வருகிறது. காலையில் முதல் வாடிக்கைக்காரர் வந்து சலாம் சொன்னதும் போய்விடுகிறது.

இதற்கு நமது கேலாங்கிலேயே ஒரு பாடம் உண்டு. லோரோங் 3-ல் 191 வரிசை வீடுகள் இருந்தன. 1960-ல் 60 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டவை. முடிவுத் தேதி பத்திரத்திலேயே இருந்தது. அது யாருக்கும் இரகசியமன்று. ஆயினும் தவணை நீட்டுவார்கள், இல்லாவிட்டால் நஷ்டஈடாவது கிடைக்கும் என்று சிலர் நம்பியிருந்தார்கள். 2017 ஜூனில் அறிவிப்பு வந்தது. நீட்டிப்பும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. அச்சமயம் சொந்தக்காரரே குடியிருந்த வீடுகள் 33 மட்டுமே. மற்றவை பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தன. மாதாமாதம் வாடகை வந்துகொண்டிருந்தால் பத்திரத்தை எடுத்துப் பார்ப்பவர் யார்? 2020 டிசம்பர் 31-ல் குத்தகை முடிந்து நிலம் அரசாங்கத்திடம் திரும்பியது.

பிறரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வயது முதிர்ந்தவர் பழகிய வீட்டை விட்டுப் போவது எளிதா?

கேலாங் சிராய் சந்தையின் கதை வேறு. 1964-ல் வந்த பழைய சந்தை 2006-ல் மூடப்பட்டது. வியாபாரிகள் தற்காலிகச் சந்தைக்குப் போனார்கள். 2009-ல் புதுக் கட்டடம் திறந்தது. அவர்களும் சுகத்தை விட்டுத்தான் நகர்ந்தார்கள். ஆனால் திரும்பிவர ஓரிடம் உண்டென்று தெரிந்திருந்தது. அந்தத் தைரியம் இருந்தால் மனிதன் மூட்டையைத் தூக்குகிறான். வாடகைக் கடைக்காரனுக்கு அப்படி வாக்குக் கொடுப்பவர் எவருமில்லை. அவனேதான் மாற்றிடத்தை முன்கூட்டித் தேடிக்கொள்ள வேண்டும், அதுவும் வியாபாரம் நன்றாய் நடக்கும்போதே.

நமது மகன் சொல்லிக்கொண்டே இருக்கிறான்: மசாலாவைப் பொட்டலமாக்கிச் சாப்பாட்டுக் கடைகளுக்கு நாமே கொண்டுபோய்க் கொடுக்கலாமென்று. பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லியே இரண்டு நோன்புப் பெருநாளைக் கடத்திவிட்டோம். இதை எழுத உட்காருமுன் பெட்டியைத் திறந்து கடை ஒப்பந்தத்தைப் பார்த்தோம். இன்னும் 14 மாதம் இருக்கிறது. நாம் நினைத்திருந்தது இரண்டு வருஷத்துக்கு மேல்!

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கணக்குப் புத்தகத்துடன் வரும்படி மகனிடம் சொல்லியிருக்கிறோம். முதலில் இரண்டே கடைகளுக்கு, வாரம் ஐந்து கிலோ வீதம் கொடுத்துப் பார்ப்பதாக உத்தேசம்.