பழைய கணினியும் புதிய லினக்ஸும்



நம் வகுப்பறை மூலையிலுள்ள மடிக்கணினியை நீங்கள் யாவரும் அறிவீர்கள். அலுவலகம் ஒன்று கழித்துவிட்டதை அன்பர் ஒருவர் நமக்குக் கொணர்ந்து தந்தார். அதில் இயங்கியது டெபியன் 10 என்னும் லினக்ஸ். 2019 இல் வெளிவந்த அப்பதிப்பின் நீண்டகால ஆதரவு 2024 ஜூனோடு முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வாராத கணினியை இணையத்தோடு இணைப்பது, தாழ்ப்பாள் கழன்ற கதவைச் சாத்திவிட்டு உறங்குவதை ஒக்கும். ஆகவே அதனை மேம்படுத்தினோம்.

லினக்ஸின் கருவை 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். 1993 இல் தொடங்கிய டெபியன், நம் பள்ளியைப் போலவே தொண்டர்களால் நடத்தப்படுவது. தமிழ்நாட்டில் 2011 செப்டெம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட பாஸ் லினக்ஸும் டெபியனை அடியாகக் கொண்டதே. ஊரில் உங்கள் அண்ணன், அக்காவின் அலமாரியில் அத்தகைய கணினி உறங்கக்கூடும்.

முதல் வேலை, கோப்புகளைப் படியெடுத்தல். இதனை நான் பட்டுத்தான் கற்றேன். வன்னியில் ஆசிரியனாய் இருந்த காலத்தில், பள்ளிக் கணினியில் புதிய லினக்ஸை நிறுவும்போது, வன்தட்டு முழுவதையும் பயன்படுத்தலாமா என அது கேட்டது. ஆம் என்றேன். மாணவர் ஓராண்டு தட்டெழுதிய கட்டுரைகள் யாவும் அழிந்தன. மீண்டும் எழுதுவோம் சேர் என்று பிள்ளைகளே எனக்கு ஆறுதல் கூறினர். அவர்களுள் சிலரை 2009 இற்குப் பின் நான் காணவில்லை. எனவே இம்முறை இரண்டு வெளித்தட்டுகளில் படியெடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைத்த பின்னரே கணினியில் கைவைத்தேன்.

அடுத்து, செயலி 32 பிட்டா, 64 பிட்டா என அறிதல் வேண்டும். முனையத்தில் எல், எஸ், சி, பி, யூ என்னும் ஐந்து ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் விடை வரும். கணினி பழையதென்பதால் 32 பிட் என முடிவுகட்டிவிடாதீர்கள். 2006 இல் வந்த கோர் 2 டுவோ 64 பிட். 2008 இல் வந்த ஆட்டம் என்270 வெறும் 32 பிட். பின்னதற்கு டெபியன் 12 தான் கடைசி. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 இல் 32 பிட் இன்டெல் கணினிகளுக்கான கருவும் நிறுவியும் இல்லை. நம்முடையது 64 பிட்.

பதிப்புகளைத் தாண்டிச் செல்லுதல் கூடாது. 10 இலிருந்து 11, பின்பு 12, அதன்பின் 13 எனப் படிப்படியாகவே ஏறவேண்டும். இப்பதிப்புகளின் பெயர்கள் யாவும் 'டாய் ஸ்டோரி' திரைப்படப் பாத்திரங்களுடையவை என்றதும் சிறுவர்க்கு வேலையில் ஆர்வம் மிகுந்தது! 11 இல் பாதுகாப்புக் களஞ்சியத்தின் பெயர் மாறியுள்ளது. பழைய வரியை அப்படியே விட்டால் பிழைச்செய்தி வரும். 12 இல் வன்பொருளுக்கான நிலைபொருள்கள் தனிப் பிரிவாகிவிட்டன. அதனைப் பட்டியலில் சேர்க்க மறந்ததால் நம் கம்பியில்லா இணைப்புக்குத் திருத்தம் கிடைக்காமற் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை இதிலேயே கழிந்தது.

வேகத்துக்கு இரண்டு செய்தோம். கனமான பணிமேசையை நீக்கி எக்ஸ்எஃப்சிஈ நிறுவினோம். சுழலும் வன்தட்டை அகற்றித் திண்மநிலைத் தட்டு பொருத்தினோம். பெரும்பயன் தந்தது பின்னதே. திறந்தபோது விசிறியில் அல் கோபார்ப் புழுதி பஞ்சுபோல் அடைந்திருந்தது.

எஞ்சியது தமிழ். பழைய ஆண்டுவிழா நாடகங்கள் பாமினி எழுத்துருவில் உள்ளவை. அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தது. அஃது இல்லாத கணினியில் நாடகம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டதென எண்ணி ஒருவர் அழிக்கப் பார்த்தார், நல்லவேளை தடுத்துவிட்டோம். எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம். ஆயினும் யூனிகோடுக்கு மாற்றிவைப்பதே நிலையானது. மாற்றியோ இடையிலுள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களையும் பொருளற்ற தமிழெழுத்துகளாக்கிவிடும். அவற்றை ஒருவர் அருகிருந்து பார்த்துத் திருத்துதல் வேண்டும். ஆறு நாடகங்கள் முடிந்துள்ளன. எஞ்சியவற்றுக்கு, வெள்ளிக்கிழமைகளில் ஒரு மணிநேரம் அமரக்கூடிய பெற்றோர் இருவர் தேவை.